செவுளைக் காட்டு சார்

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையிலிருந்து இரண்டு எட்டு உள்ளே தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. வாசலில் ஒரு பலகை. ஆதார் திருத்தம், பான் கார்டு, லேமினேஷன், ரயில் டிக்கெட் என்று உலகத்தில் உள்ளதெல்லாம் அதில் எழுதியிருக்கும். கடைசி வரியில் இடம் போதாமல் நெருக்கி 'பயோடேட்டா' என்று ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கடை வாசலில் எந்நேரமும் ஐந்தாறு பேர் நின்றார்கள். ஜெராக்ஸ் மட்டும் என்றால் அந்தத் தெருவிலேயே வேறு நான்கு கடைகள் இருந்தன.

உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் அக்கா என்றார்கள். அவருக்கு முப்பத்தைந்து வயது இருந்தால் அதிகம். எனக்கு அப்போது நாற்பத்தாறு. வரிசையில் நின்ற பல் போன பெரியவர்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார். நான் மட்டும் 'ஏம்மா' என்று இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் திரும்பவே இல்லை. மூன்றாவது முறை நானும் வழிக்கு வந்துவிட்டேன். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. யாரைப் பற்றியும் நாலு வார்த்தை நல்லதாக எழுதிக் கொண்டுபோனால் அந்தக் காகிதத்தைச் சுருட்டிக் கூடையில் எறிகிற ஆள் அவர். எனக்கெதற்கு வம்பு.

நான் அங்கே போனது கெட்ட நேரத்தில். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்தவன். கம்பெனியை வேறு மாநிலத்துக்கு மாற்றினார்கள். கூட வர முடியாதவர்களுக்கு ஒரு சால்வை போட்டு அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதமாக வீட்டில் இருந்தேன். மனைவி ஊரப்பாக்கத்தில் ஒரு பள்ளியில் டீச்சர், மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அவர்கள் இருவரும் காலையில் கிளம்பிப் போன பிறகு வீடு இருக்கிற இருப்பு எனக்குப் பிடிக்கவில்லை. முப்பது இடத்துக்காவது பயோடேட்டா அனுப்பியிருப்பேன். ஒருவரும் கூப்பிடவில்லை. வேலை போனதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. பத்தொன்பது வருஷம் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால், 'ஸ்டோர்ஸ் பார்த்தேன்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை என்னிடம் இல்லை.

அக்காவிடம் என் பழைய பயோடேட்டாவை நீட்டி, 'இதையே புதுசா அடிச்சுக் குடுங்க, தேதி மட்டும் மாத்தணும்' என்றேன். அவர் வாங்கிப் படித்தார். ஒரு விரலை ஒரு வரியில் வைத்தார்.

"ஹார்டு வொர்க்கிங், சின்சியர், பங்ச்சுவல்... இத்தெல்லாம் யாரு சார் சொன்னது?"

"நான்தான்."

"உன்னப் பத்தி நீயே சொல்லிக்கினா ஆச்சா?"

சொல்லிக்கொண்டே காகிதத்தைச் சுருட்டி மேஜைக்கு அடியில் போட்டுவிட்டார். அங்கே ஒரு பெரிய பிரம்புக் கூடை இருந்தது. வீணான பிரின்ட் எல்லாம் அதில்தான் விழும். எனக்கு முகம் சிவந்துவிட்டது. வரிசையில் பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள்.

அது அவருடைய அம்மாவின் கூடை. கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில் பிறந்தவர் அக்கா. அம்மா அந்தக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்து பள்ளிக்கரணையில் தெரு முனையில் மீன் விற்றவர். முட்டி தேய்ந்து வியாபாரத்தை விட்ட பிறகு கூடை மகளிடம் வந்திருக்கிறது. எத்தனை கழுவியும் வெயில் நாளில் அதில் லேசாகக் கவிச்சி அடிக்கும். கடை முதலாளிக்கு அது பிடிக்காது. அக்கா கண்டுகொள்ள மாட்டார்.

"எங்கம்மா மீன் வித்துகினு இருக்க சொல்லோ, பக்கத்துல ஒரு கெயவி இருந்துச்சு சார். 'நல்ல மீனு, நல்ல மீனு'ன்னு தொண்டை கியிய கூவும். ஒருத்தனும் நிக்க மாட்டான். எங்கம்மா வாயே தொறக்காது. வர்றவன் எதிர்ல ஒரு மீனை எடுத்து செவுளைத் தூக்கிக் காட்டும். உள்ள செக்கச் செவேல்னு இருக்கும். அவ்ளோதான், வாங்கிடுவான். நீயும் கூவாத சார். செவுளைக் காட்டு."

இதுதான் அவர். யார் வந்து உட்கார்ந்தாலும் 'ஒரு நாளைச் சொல்லு' என்பார். நடந்த ஒரு நாள், செய்த ஒரு காரியம். சொல்லத் தொடங்கினால் 'அப்பால?' என்பார். சொல்லி முடித்தால் மறுபடி 'அப்பால?' என்பார். மூன்றாவது 'அப்பால'வுக்கு என்ன பதில் வருகிறதோ அதற்குத்தான் அவர் விரல் கீபோர்டுக்குப் போகும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் எனக்கு முன்னால் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பொத்தேரிப் பக்கம் ஒரு மாணவியர் விடுதியில் சமையல் வேலைக்கு மனு. "நல்லா சமைப்பேன்னு போடு கண்ணு" என்றார்.

"அத்த எல்லாருந்தான் போடுவாங்க. இதுக்கு முன்ன எங்க ஆக்கினே?"

"ஒரு காப்பகத்துல. அம்பத்திரெண்டு புள்ளைங்க."

"அதுல ஒரு நாளைச் சொல்லு."

"நாளுன்னு என்னத்தச் சொல்ல? விடிஞ்சா ஆக்குவேன். எல்லாம் சாப்ட்டதும் கழுவி வைப்பேன்."

"ஒரு நாள் கூடவா பேஜாரு ஆவல?"

அந்த அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். ஒரு காலையில் இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றிய நேரத்தில் கேஸ் தீர்ந்துவிட்டதாம். பிள்ளைகளுக்கு அன்று பரீட்சை. இருந்த அவலை அள்ளி ஊறவைத்து, வெல்லம் போட்டுப் பிசைந்து, மணி அடிப்பதற்குள் அத்தனை பேருக்கும் கொடுத்திருக்கிறார்.

"அப்பால?"

"சாப்ட்டுட்டுப் போச்சுங்க."

"அப்பால?"

"அப்பால என்னா... அதுல ஒரு பொண்ணுக்கு வெல்லம் ஆவாது. அதுக்கு மட்டும் தனியா மோர்ல ஊறவெச்சுக் குடுத்தேன்."

அக்காவின் விரல்கள் கீபோர்டுக்குப் பாய்ந்தன. அம்பத்திரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்கு வெல்லம் ஆகாது என்பது அந்தக் கேஸ் தீர்ந்த அவசரத்திலும் ஒருத்திக்கு நினைவிருந்தது. அதற்கு மேல் அவள் எப்படிச் சமைப்பாள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மாவுக்கு வேலை கிடைத்ததென்று பிறகு ஒரு டப்பா எள்ளுருண்டை வந்தது. வரிசையில் நின்ற எனக்கும் ஒன்று கிடைத்தது.

இன்னொரு நாள் சலவைச் சட்டையோடு ஒரு இளைஞன். தன் ஆபீஸில் ஒரு நாள் சர்வர் படுத்துவிட்டது, மொத்த டீமும் விழித்தது, தான் ஒருவனே உட்கார்ந்து எழுப்பிவிட்டதாகச் சொன்னான்.

"அப்பால?"

"எல்லாரும் கை தட்டினாங்க."

"அப்பால?"

"மேனேஜர் பாராட்டினார்."

"அதுக்கு அப்பால?"

அவன் ஃபேனைப் பார்த்தான். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தம்பி, பொய்யி ரெண்டு அப்பால வரிக்கும் தாங்கும். மூணாவதுல முயுகிடும். போய் உன்னுது எதுனா ஒண்ணு எடுத்துகினு வா." அவன் கோபமாக எழுந்து எதிர்க் கடைக்குப் போய்விட்டான். அங்கே பத்து நிமிஷத்தில் அடித்துக் கொடுப்பார்கள். முதலாளி ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்துக்கொண்டே, "ஒரு பயோடேட்டாவுக்கு முக்கா மணி நேரம். நான் கடை நடத்தறேனா, கதாகாலட்சேபம் நடத்தறேனான்னு தெரியல" என்றார். அவர் இதை வாரத்துக்கு மூன்று தடவை சொல்வார். ஆனால் அக்காவை ஒரு நாளும் எழுந்திருக்கச் சொன்னதில்லை.

அவருடைய வேலை முறையில் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, அவர் புதிதாக ஃபைல் திறக்கவே மாட்டார். ஏற்கெனவே அடித்த யாருடைய பயோடேட்டாவையாவது திறந்து, அந்த ஆளை அழித்துவிட்டு அதன் மேலேயே அடுத்த ஆளை அடிப்பார். கட்டம், கோடு எல்லாம் தயாராக இருக்கும் அல்லவா? இப்படிப்பட்ட எல்லாக் கடைகளிலும் அதுதான் வழக்கம். இரண்டாவது அவருக்கு மட்டுமே உரியது. அடித்து முடித்ததும் சம்பந்தப்பட்ட ஆள் திரையைப் பார்த்து முழுவதையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு அவரே தமிழில் சொல்லி, திருப்பிச் சொல்ல வைப்பார். கடையில் நிற்பவர்கள் எல்லோரும் கேட்பார்கள். 'இங்கியே வாய் வரலேன்னா அங்க எப்டி வரும்?' என்பது அவர் கட்சி.

என்னிடமிருந்து ஒரு நாளைப் பிடுங்க அவருக்கு மூன்று வருகைகள் ஆயின. எனக்குச் சம்பவமே இல்லை என்று சாதித்தேன். ஸ்டோர்ஸில் சரக்கு வரும், சரக்கு போகும், அதில் என்ன சம்பவம்? மூன்றாவது முறை அவர் கேள்வியை மாற்றினார்.

"சரி சார், எதுக்குனா உன்னப் பாத்து சிரிச்சிருக்காங்களா?"

சிரித்திருக்கிறார்கள். எங்கள் கம்பெனியில் ஒரு பிராக்கெட் உண்டு. இடப் பக்கத்துக்கு ஒன்று, வலப் பக்கத்துக்கு ஒன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு நாள் இரண்டு பெட்டியும் கவிழ்ந்து கலந்துவிட்டன. ஷிஃப்ட் முடிவதற்குள் உட்கார்ந்து விரலால் தடவித் தடவிப் பிரித்துவிட்டேன். ஆனால் நாளைக்கு மறுபடி கலந்தால்? அடையாளம் வைக்கப் பெயின்ட் கேட்டால் நாலு கையெழுத்து வேண்டும். மறுநாள் காலையில் மகளின் நெயில் பாலிஷ் பாட்டிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய், இடப் பக்கத்து பிராக்கெட் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். ரோஸ் கலர். ஸ்டோர்ஸே சிரித்தது. ஒரு வருஷத்துக்கு என்னைப் பார்க்கிறபோதெல்லாம் விரலை நீட்டி 'எனக்கும் வைங்க சார்' என்றார்கள்.

"அப்பால?"

"அதுக்கப்புறம் ஒரு பிராக்கெட்கூட மாறிப் போகல."

"எத்தினி வருசம்?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினொரு வருஷம். நானே அதை அப்போதுதான் கணக்குப் போட்டேன். விரல் விட்டு இன்னொரு முறை எண்ணினேன். அக்கா என்னைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டு, "இம்மா நாளா இத்த எங்க சார் வெச்சுகினு இருந்தே?" என்றார்.

அன்று கரன்ட் போய்விட்டதால் அடிக்க முடியவில்லை. அந்த வாரமே ஒரு கதவு திறந்தது. வண்டலூர் தாண்டி, வாலாஜாபாத் சாலையில் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை காலி என்று பழைய நண்பன் ஒருவன் சொல்லிவைத்திருந்தான். காலை ஒன்பது மணிக்கு அங்கிருந்து போன் வந்தது. பதினொன்றரைக்கு வர முடியுமா, பயோடேட்டாவோடு? நான் கடைக்கு ஓடினேன். கரன்ட் வருவதும் போவதுமாக இருந்தது. முதலாளி சீக்கிரம் சீக்கிரம் என்று கத்திக்கொண்டிருந்தார். அக்கா ஏதோ ஒரு ஃபைலைத் திறந்து, மேலே அழித்து, என்னை மளமளவென்று அடித்தார். இரண்டு பக்கம் வந்தது.

"படிச்சுப் பாரு சார்."

"டைம் இல்லக்கா. பஸ் போயிடும்."

அவர் ஒரு நொடி தயங்கினார். பிறகு பிரின்ட் கொடுத்துவிட்டார். ரசீதைச் சரிபார்க்காமல் ஒரு வாஷர்கூட உள்ளே எடுக்காதவன் நான். என்னைப் பற்றிய இரண்டு பக்கத்தைப் பார்க்காமல் வாங்கி, மடித்து, கவரில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கிடங்கு ஆபீஸில் இரண்டு பேர் இருந்தார்கள். எச்.ஆர். பையன் ஒருவன், ஐம்பது வயதிருக்கும் மேனேஜர் அம்மா ஒருவர். அந்த அம்மா முதல் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிட்டு இரண்டாம் பக்கத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"நெயில் பாலிஷ் விஷயம் நல்லா இருக்கு சார். ஆனா கீழ இருக்கே, இது ரொம்பப் பெரிய விஷயமா இருக்கே!" என்று சொல்லி அதைத் தமிழிலேயே எனக்குச் சொன்னார். "கடைக்குள்ள தண்ணி இடுப்பு வரைக்கும் வந்தப்போ, கம்ப்யூட்டரைக் கூடையில வெச்சுத் தலையில தூக்கிட்டு மாடிக்குப் போனேன். ஏரியா ஜனங்களோட சர்டிஃபிகேட் காப்பி எல்லாம் அதுலதான் இருந்துச்சு. தண்ணி வடிஞ்சதும், பேப்பர் போனவங்களுக்கெல்லாம் தேடி எடுத்துக் குடுத்தேன்... இது நீங்களா சார்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு 'கூடை' என்ற சொல்லில் மனம் போய் நின்றதும் எல்லாம் புரிந்துவிட்டது. ஏரி நிறைந்து முடிச்சூர்ப் பக்கமெல்லாம் தண்ணீர் புகுந்த வருஷம் அது. அழிக்காமல் விட்ட பழைய ஆள், அக்காவேதான்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். "ஆமாம் மேடம், நான்தான்" என்றேன்.

எட்டு மாதம் வீட்டில் இருந்த வாய் அது. என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. எச்.ஆர். பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த அம்மாவின் முகத்தில் மரியாதை வந்தது. அந்த மரியாதையை என் முகத்துக்கு நேரே யாரும் காட்டி வெகு நாளாகியிருந்தது.

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"மாடியில கொண்டு போய் வெச்சேன்."

"அப்புறம்?"

"தண்ணி... வடிஞ்சுது."

அந்த அம்மா ஆர்வமாக முன்னால் சாய்ந்தார். மூன்றாவது வரப்போகிறது என்று தெரிந்தது. என் கண் தானாக ஃபேனுக்குப் போனது. சலவைச் சட்டைப் பையன் அன்று பார்த்ததும் அதைத்தான்.

"மேடம், மன்னிச்சுடுங்க. இது என்னோடது இல்ல" என்றேன். "ஆமாம்னு சொன்னது தப்பு. இதை அடிச்சுக் குடுத்தவங்களோடது. அவசரத்துல அழிக்க மறந்துட்டாங்க. படிச்சுப் பார்க்காம வாங்கிட்டு வந்தது நான்."

எச்.ஆர். பையன் பேனாவை மூடினான். அந்த அம்மா மூடவில்லை. "அவங்க யாரு?" என்றார். சொன்னேன். கூடை, செவுள், அப்பால, வெல்லம் ஆகாத பெண் எல்லாவற்றையும் சொன்னேன். என் வேலைக்கு வந்த இடத்தில் கால் மணி நேரம் அக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பிறகு அவர், "சரி, உங்களோடதுக்கு வருவோம். நெயில் பாலிஷ் தீர்ந்தப்புறம் என்ன செஞ்சீங்க?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. இரண்டு பாட்டில் சொந்தக் காசில் வாங்கி வைத்தேன். மூன்றாவது தடவை கம்பெனிக்கே எழுதிக் கேட்டேன். 'நெயில் பாலிஷ், ரோஸ், ஆறு பாட்டில்' என்ற சீட்டைப் பார்த்துவிட்டு, பர்ச்சேஸிலிருந்து ஒருவர் எனக்கு உடம்பு சரியில்லையா என்று நேரில் வந்து விசாரித்தார். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் கடைசியில் சொன்னது, "சொல்லி அனுப்பறோம்" என்பதுதான். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எட்டு மாதத்தில் எனக்குப் பாடமாகியிருந்தது.

கதவருகே போனவனை மறுபடி கூப்பிட்டார். "அவங்க வேலை தேடறாங்களா சார்? எங்க ரெக்கார்ட்ஸ் செக்‌ஷன்ல ஆள் வேணும். ப்ளஸ் டூ போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள பயோடேட்டா அனுப்பச் சொல்லுங்க."

பஸ்ஸில் வரும்போது கோபம்கோபமாக வந்தது. தேடி வந்த வேலை அவர் மறதியால் போய்விட்டது என்று தோன்றியது. பிறகு, 'ஆமாம்' என்று சொன்னது என் வாய்தானே என்றும் தோன்றியது. வண்டலூரில் ஏறிய கோபம் பெருங்களத்தூர் வருவதற்குள் பாதியாகிவிட்டது. கடைக்குள் நுழைந்து இரண்டாம் பக்கத்தை மேஜைமேல் வைத்தேன்.

அக்கா பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ சார்! அந்த ஒரு ஃபைல்லதான் ரெண்டு பக்கமும் ஒயுங்கா கீது. நான் சும்மா கீற சொல்லோ எனக்குன்னு அடிச்சு வெச்சது. மேல உன்னுதை அடிச்சேன், அடில என்னுது நின்னுடுச்சு. உன் பொயப்பக் கெடுத்துட்டனே சார்!" அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அத விடுங்கக்கா. எனக்குன்னு அடிச்சேன்னு சொன்னீங்களே, எங்க அனுப்பினீங்க?"

"எங்கயும் இல்ல."

அவர் சொன்னதில் எனக்குத் தெரிந்தது, நாலு வருஷமாக அந்த ஃபைலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்திருக்கிறார். நான் ரெக்கார்ட்ஸ் செக்‌ஷன் விஷயத்தைச் சொன்னேன். அவர் வேகமாகத் தலையை ஆட்டினார். "பன்னண்டாவதுதான் சார் படிச்சுகீறேன். அத்தோட எனக்கு இன்னா கதை கீது? என் வேலையத்தான பண்ணேன்?"

இதையேதான் சமையல் அம்மாவும் சொன்னார். இதையேதான் நானும் மூன்று முறை சொன்னேன். அவர் விட்டாரா? எனக்கு அவர்மேல் இருந்த மிச்சக் கோபமெல்லாம் வேறு ஒன்றாக மாறிவிட்டது. "எழுந்திரிங்க" என்றேன்.

"இன்னா சார்?"

"எழுந்து அந்தப் பக்கம் உக்காருங்க. செவுளைக் காட்டுங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அக்கா எழுந்து, இத்தனை நாள் மற்றவர்கள் உட்கார்ந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கூடை காலில் இடிக்க, இரண்டு விரலால் அடித்தேன். என் பெயர் இருந்த இடத்தில் அவர் பெயர் வந்தது. சம்பவம் கொஞ்சம் நன்றாக இருக்கட்டுமே என்று, கம்ப்யூட்டரைத் தலையில் தூக்கிய இடத்தில் 'பிரேவ்லி' என்று ஒரு சொல் சேர்த்தேன். அவர் ஸ்டூலிலிருந்தே கையை நீட்டி, பேக்ஸ்பேஸில் விரலை வைத்து, அந்தச் சொல் போகிறவரை எடுக்கவில்லை.

"நீ இன்னா சார், மறுபடியும் கூவுற?"

பிரின்ட் கொடுக்கப் போனேன். பின்னால் ஆதார் நகலுக்கு நின்றிருந்த ஒரு அம்மா, "படிக்கச் சொல்லுப்பா, அதான இங்க ரூலு" என்றார். அக்கா என்னை முறைத்தார். நான் நகர்ந்து திரையைக் காட்டினேன். தப்ப வழியில்லை என்று தெரிந்ததும் அவர் எழுந்து நின்று, முதலில் இங்கிலீஷில் ஒரு வரி, பிறகு தமிழில் ஒரு வரியாகப் படித்தார். குரல் முதலில் முணுமுணுப்பாகத்தான் வந்தது. தண்ணீர் இடுப்புக்கு வந்த இடத்தில் சற்று உயர்ந்தது.

"அந்தக் கம்ப்யூட்டர மாடி வூட்டுக்காரங்க தூக்கினதா இல்ல நெனச்சுகினு இருந்தேன்!" என்றார் முதலாளி. அந்த மழையில் அவர் ஊரில் மாட்டிக்கொண்டு, பத்து நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தாராம். "நீ ஏம்மா எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ கேக்கவே இல்லியே" என்றார் அக்கா.

கிடங்கிலிருந்து எனக்குப் பத்து நாள் கழித்து போன் வந்தது. அக்காவுக்கு என்னைவிட இரண்டு நாள் முன்பே வந்துவிட்டது. மூன்று வருஷம் ஒரே கேன்டீனில் சாப்பிட்டோம். பிறகு அவர் வேறு பெரிய இடத்துக்குப் போய்விட்டார், போன் நம்பரும் மாறிவிட்டது. ஆனால் அக்கா என்றால் எனக்கு கேன்டீன் நினைவுக்கு வருவதில்லை. அந்த மத்தியானம்தான் வருகிறது. படித்து முடித்துவிட்டுக் காகிதத்துக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றார் அவர். ஆதார் நகலுக்கு வந்த அம்மா பையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

"அப்பால?"

அக்கா சிரித்துவிட்டார். காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். "அப்பாலதான் பேஜாரே. கம்ப்யூட்டரு மாடில கீது, கரன்ட் இல்ல. ஒரு பையன் வந்து நின்னான், நாளான்னிக்கி வேலைல சேரணும், மார்க் ஷீட்டு தண்ணில ஊறி கூயாட்டம் ஆயிட்சுன்னு அயுதான்..."

நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்கத் தொடங்கினேன்.